விற்கப் பேசிய வீட்டை விற்காமல் இருக்கலாமா?

"அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று!"

வீடு விற்கப் பேசிவிட்டு, பிறகு மனம் மாறுகிறவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் இதையே சொல்வார். தரகரும் தலையை ஆட்டுவார். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. என்றைக்குமே சொன்னதில்லை. 2018-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், அது இன்னும் கண்டிப்பாகிவிட்டது.

வீட்டை விற்பது யாருக்கும் லேசான காரியம் அல்ல. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கழுத்தை நெரிக்கும் கடன் என்று ஏதோ ஒன்று இருக்கும். விலை பேசி, ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் வாங்க வந்தவரின் சுயரூபம் தெரிகிறது.

சொன்ன தேதியில் பணம் வராது. கேட்டால், "பாங்கியில் கடன் கேட்டிருக்கிறேன்" என்பார். அடுத்த மாதம், "சுவரில் ஈரம் இருக்கிறது, 2 லட்சம் குறையுங்கள்" என்பார். பத்திரம் பதிவாகும் முன்பே சாவியைக் கேட்பார். தினம் ஓர் ஆளை அழைத்து வந்து வீட்டைச் சுற்றிக் காட்டுவார். தான் வாங்குவதற்கு முன்பே இன்னொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்க்கிற எண்ணம்! வீட்டுக்காரருக்கு வெறுத்துப் போகிறது. "இந்த ஆளுக்கு விற்கவே மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்.

சொல்வது எளிது. ஒப்பந்தத்தில் இருந்து வெளியே வருவது அவ்வளவு எளிது அல்ல.

இரண்டு காகிதங்கள்

வீடு விற்பதில் இரண்டு காகிதங்கள் உண்டு. முதலாவது, விற்பனை ஒப்பந்தம். "இன்ன வீட்டை, இன்ன விலைக்கு, இத்தனை மாதத்துக்குள் தருகிறேன்" என்கிற வாக்கு அது. இரண்டாவது, கிரயப் பத்திரம். அது பதிவான பிறகுதான் வீடு கை மாறுகிறது. ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லுகிறது.

"அப்படியானால் ஒப்பந்தம் வெறும் காகிதம்தானே?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர் கோர்ட்டுக்குப் போகலாம். "எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். வீட்டைத்தான் எழுதித் தர வேண்டும்" என்று கேட்கலாம். கோர்ட்டு ஒப்புக்கொண்டு, அப்போதும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், கோர்ட்டே அவருக்குப் பதிலாகப் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிடும்.

இதற்கு வழி செய்வது, வக்கீல்கள் 'ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம்' என்று குறிப்பிடும் 1963-ம் ஆண்டுச் சட்டம்.

முன்பு இருந்த கதவு

இந்தச் சட்டத்தில் முன்பு ஒரு கதவு திறந்திருந்தது. வீட்டை எழுதித் தரச் சொல்வதா, அல்லது பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதா என்பதை நீதிபதி நியாயம் பார்த்து முடிவு செய்யலாம். ஒப்பந்தம் செல்லுபடியானது என்பதற்காக மட்டும் வீட்டை எழுதித் தரச் சொல்லியே ஆக வேண்டும் என்பது இல்லை. ஒப்பந்தம் போட்டபோது எதிர்பாராத கஷ்டம் ஒன்று விற்பவருக்கு வந்துவிட்டது, வாங்குபவருக்கோ பணம் திரும்பினாலே போதும் என்றால், நீதிபதி விற்பவர் பக்கம் இரக்கம் காட்ட இடம் இருந்தது.

2018-ல் பார்லிமெண்டு இந்தச் சட்டத்தைத் திருத்தியது. பழைய 20-வது பிரிவு போய்விட்டது. சட்டம் விலக்கு அளித்துள்ள சில சந்தர்ப்பங்கள் தவிர, கோர்ட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரவேண்டும் என்று ஆகிவிட்டது. 'நிறைவேற்றலாம்' என்பது 'நிறைவேற்ற வேண்டும்' என்று மாறிற்று. இப்படிப்பட்ட வழக்கை, எதிர்த்தரப்புக்குச் சம்மன் கிடைத்ததில் இருந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், காரணம் காட்டி 6 மாதம் நீட்டலாம் என்றும் சேர்த்தார்கள். (இந்தக் கெடுவை நம்பி யாரும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டாம்.)

திருத்தத்தின் நோக்கம் வேறு. தொழில் ஒப்பந்தங்கள், சாலை, பாலம், மின்சாரம் போன்ற பெரிய வேலைகள் பாதியில் நின்றுபோகக் கூடாது. பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். அது நல்ல எண்ணம்தான். ஆனால் பெரிய கம்பெனிகளுக்காகத் தைத்த சட்டையைச் சிறு குடும்பத்துக்கும் மாட்டிவிட்டார்கள். இருக்கிற ஒரே வீட்டை அவசரத்தில் விற்கப் பேசிவிட்டு, அவசரம் தீர்ந்ததும் "எங்கே போவோம்?" என்று தவிக்கும் ஒரு விதவைக்கும் அதே சட்டம்தான். அவருடைய கஷ்டத்தைக் கேட்க முன்பு ஒரு காது இருந்தது. இப்போது அந்தக் காது அவ்வளவாகக் கேட்பதில்லை.

டில்லி பங்களாவின் கதை

பேச்சில் இருந்து பின்வாங்கினால், அல்லது பேச்சு பாதியில் நின்றுபோனால், அது எத்தனை தலைமுறைக்கு இழுக்கும் என்பதற்கு டில்லியில் ஒரு பங்களா சாட்சி.

புகழ்பெற்ற எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் தந்தை அனீஸ் அகமது ருஷ்டி. அவருக்கு டில்லி சிவில் லைன்ஸ் பகுதியில் ஒரு பங்களா இருந்தது. 1970-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அதைக் காங்கிரஸ் பிரமுகர் பிக்கு ராம் ஜெயினுக்கு விற்பதாக ஒப்பந்தம் ஆயிற்று. விலை ரூ.3 லட்சத்து 75 ஆயிரம். முன்பணம் ரூ.50 ஆயிரம். வருமான வரி இலாகாவின் சான்றிதழை விற்பவர் வாங்கித் தர வேண்டும், பிறகு மீதிப் பணம், பத்திரம் என்பது பேச்சு.

சான்றிதழ் வரவில்லை. பத்திரமும் நடக்கவில்லை. 1977-ல் வழக்கு தொடங்கிற்று. 1983-ல் டில்லி ஐகோர்ட்டின் ஒரு நீதிபதி, வாங்க வந்தவர் பக்கம் தீர்ப்புக் கூறினார். அப்பீல் செய்தார்கள். அப்பீல் 28 வருடம் கிடந்தது! 2011-ல் தீர்ப்பு மாறிற்று. விற்பவர் பக்கம் வெற்றி. மறு வருடமே, 2012 டிசம்பர் 3-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டு அதையும் மாற்றியது. "வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் 1970-ம் ஆண்டு விலைக்கு அல்ல, இன்றைய சந்தை விலைக்கு" என்பது தீர்ப்பின் சாரம்.

இன்றைய விலை என்ன? அதற்கு ஒரு வழக்கு. 2019-ல் டில்லி ஐகோர்ட்டு ரூ.130 கோடி என்று மதிப்புப் போட்டது. அதன் பிறகும் விலையைப் பற்றிய சண்டை ஓயவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவருக்கும் பிறகு, அவர்கள் வாரிசுகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ரூ.50 ஆயிரம் முன்பணத்தில் தொடங்கிய கதை இது.

எது காரணம், எது காரணம் அல்ல?

வாங்க வந்தவர் கோபக்காரர், மரியாதை இல்லாமல் பேசுகிறார், தினமும் போன் செய்து உயிரை எடுக்கிறார் என்பதெல்லாம் ஒப்பந்தத்தை முறிக்கக் காரணம் ஆகாது. வேறு ஒருவர் 5 லட்சம் அதிகம் தர வருகிறார் என்பதும் காரணம் அல்ல. மூத்த மகனுக்கு இஷ்டம் இல்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. அவனுக்குச் சொத்தில் பங்கு இருந்தால் அது வேறு விஷயம்.

பணம் கட்டாததுதான் காரணம். வாங்குபவர் இரண்டை நிரூபித்தாக வேண்டும். ஒன்று, மீதிப் பணம் தருவதற்குத் தனக்கு வழி இருந்தது. மற்றொன்று, வாங்குவதற்கான மனமும் கடைசி வரை இருந்தது. 2018-ம் ஆண்டுத் திருத்தம் கூட இந்த நிபந்தனையை எடுத்துவிடவில்லை. தொல்லை கொடுக்கும் வாங்குபவர்களில் பலர் வழுக்கி விழுகிற இடமும் இதுதான். வாய் இருக்கும், பணம் இருக்காது.

மதுரையில் நடந்த ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். 1978-ம் ஆண்டு டிசம்பரில், அங்கே ஒரு வீட்டை ரூ.60 ஆயிரத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். முன்பணம் ரூ.5 ஆயிரம். கெடு 6 மாதம். வாங்க வந்தவர் முன்பணத்தைக் கொடுத்தார். அப்புறம் ஆளையே காணோம் என்கிற கதைதான். மீதிப் பணத்தைக் கொண்டு வரவும் இல்லை, பத்திரம் எழுதக் கூப்பிடவும் இல்லை. சுமார் இரண்டரை வருடம் கழித்து, 1981 ஜூலையில் நோட்டீசு விட்டார். பிறகு வழக்கும் போட்டார்.

இப்படி வழக்குப் போட 3 வருட அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள்தான் அவர் வந்திருந்தார். ஆனால் சுப்ரீம் கோர்ட்டு 1997-ல் அவருக்கு வீடு கிடையாது என்று சொல்லிவிட்டது. ஏன்? நகரங்களில் வீட்டு விலை மளமளவென்று ஏறுகிற காலம். ரூ.5 ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு, விலை ஏறட்டும் என்று ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதும், வீட்டுக்காரர் கை கட்டி நிற்பதும் நியாயம் ஆகாது. 3 வருட அவகாசம் வழக்குப் போடுவதற்குத்தான்; தூங்குவதற்கு அல்ல.

இது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும், பணத்தோடு தயாராக இருக்க வேண்டும் என்கிற விதி புதிய சட்டத்திலும் அப்படியே இருப்பதால், வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கும் துணை நிற்கக்கூடிய தீர்ப்பு.

இங்கே ஒரு சிக்கல். வீடு, நிலம் விற்பனையில் கெடு தேதி தாண்டினால் உடனே ஒப்பந்தம் செத்துவிடும் என்று கோர்ட்டுகள் பொதுவாகக் கருதுவது இல்லை. "இந்தக் கெடு கட்டாயமானது, தவறினால் ஒப்பந்தம் ரத்து" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் அந்தத் தேதிக்கு முழுப் பலம். எழுதாவிட்டாலும் வழி உண்டு. கெடு தவறியதும், "இன்ன தேதிக்குள் மீதிப் பணத்துடன் வாருங்கள், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து" என்று நியாயமான அவகாசம் கொடுத்து, ஒப்புகை வரும்படி தபாலில் நோட்டீசு அனுப்பலாம். வாயால் ஆயிரம் முறை கேட்டதற்குச் சாட்சி இல்லை. ஒரு கடிதத்துக்கு உண்டு.

வீட்டுக்காரர் செய்யக்கூடாத காரியம் ஒன்றும் உண்டு. கெடு தாண்டிய பிறகு, "இதையாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் நீட்டும் ரூ.50 ஆயிரத்தை வாங்கிக்கொள்வது. வாங்கினால், கெடுவை வீட்டுக்காரரே நீட்டிவிட்டார் என்று ஆகிவிடும்.

பாட்னாவில் மாறிய டிராப்டுகள்

சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் ஆண்டு ஏப்ரலில் சொன்ன தீர்ப்பு ஒன்று, இந்த விஷயத்துக்கு அச்சாகப் பொருந்தும். பாட்னாவில் ஒரு வீடு. 2008 ஜனவரியில், ரூ.25 லட்சத்துக்கு ஒப்பந்தம். பிறகு இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. பிப்ரவரி மாதமே வீட்டுக்காரர், ஒப்பந்தத்தை ரத்து செய்வதாகக் கடிதம் எழுதி, ரூ.2 லட்சத்து 11 ஆயிரத்துக்கு பாங்கி டிராப்டுகளையும் கூடவே அனுப்பிவிட்டார்.

வாங்க வந்தவர் மே மாதம் வழக்குப் போட்டார். "வீடுதான் வேண்டும்" என்றார். ஆனால் ஜூலையில், அந்த டிராப்டுகளைப் பாங்கியில் மாற்றிப் பணமாக எடுத்துக்கொண்டார்!

கீழ்க் கோர்ட்டிலும் ஐகோர்ட்டிலும் அவருக்கே வெற்றி. சுப்ரீம் கோர்ட்டில் விஷயம் திரும்பிற்று. "திருப்பி அனுப்பிய பணத்தை எடுத்துக்கொண்டவர், வீட்டை வாங்கும் மனத்துடன் இருந்தார் என்று எப்படிச் சொல்வது?" என்று நீதிபதிகள் கருதினார்கள். வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், "அந்த ரத்து செல்லாது" என்று கேட்டு அவர் வழக்குப் போடவில்லை என்பதும் அவருக்கு எதிராகப் போயிற்று. வீட்டுக்காரர் தரப்பு ஜெயித்தது. ஜெயிக்க 17 வருடம் ஆயிற்று.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, இன்றைக்கே ஒரு டிராப்டு எடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. அந்த டிராப்டை எதிராளி மாற்றாமல் வைத்திருந்தால்? மீதிப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, "நான் தயார்" என்று பதில் நோட்டீசு விட்டால்? அப்போது கதை வேறு. காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் எழுதும் ரத்துக் கடிதத்துக்குப் பெரிய பலம் இல்லை.

'இரட்டிப்பு' என்னும் மயக்கம்

பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். "விற்பவர் பின்வாங்கினால், முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும்." இதைப் பார்த்துவிட்டு, இரட்டிப்புப் பணம்தான் விடுதலைக்கு விலை என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. அந்த வரி, பேச்சைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட மிரட்டல்தானா, அல்லது "வீடு தரலாம், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் தரலாம்" என்று உண்மையிலேயே இரண்டு வழி கொடுத்ததா என்று கோர்ட்டு பார்க்கும். மிரட்டல்தான் என்றால், வீட்டுக்காரர் இரட்டிப்பென்ன, நாலு மடங்கு தருகிறேன் என்றாலும், வீட்டையே எழுதித் தரச் சொல்லலாம். ஒப்பந்தம் எழுதும்போதே இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் மிகக் குறைவு. தரகர் கொண்டு வரும் அச்சடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்குபவர் மீது தவறு என்றால், அவர் கொடுத்த பணம் முழுவதையும் வீட்டுக்காரர் விழுங்கிவிட முடியுமா? 1949-ல் டில்லியில் ஒரு பங்களாவை ரூ.1 லட்சத்து 12 ஆயிரத்து 500-க்குப் பேசினார்கள். அச்சாரம் ரூ.1,000. பிறகு விலையில் ஒரு பகுதியாக ரூ.24 ஆயிரம். விற்பனை முறிந்தது. ரூ.25 ஆயிரமும் தனக்கே என்றார் விற்றவர். சுப்ரீம் கோர்ட்டு 1963-ல், ரூ.1,000 அச்சாரத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிற்று, ரூ.24 ஆயிரத்தைப் பறிமுதல் செய்ய விடவில்லை. அச்சாரம் வேறு, விலையில் ஒரு பகுதி வேறு.

அவசரப்பட்டு வேறு ஆளுக்கு விற்றால்?

"வழக்கு வருமுன் வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்" என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது இருப்பதிலேயே மோசமான யோசனை. முதல் ஒப்பந்தத்தைப் பற்றித் தெரிந்தே வாங்கிய இரண்டாவது ஆளையும் கோர்ட்டு விடாது. அவரும் சேர்ந்து முதல் ஆளுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க நேரும். வழக்கு நடக்கும்போது விற்றாலும், தீர்ப்பு புதியவரைக் கட்டுப்படுத்தும். முன்பு ஒருவரோடு இருந்த சண்டை, இப்போது இருவரோடு!

தமிழ்நாட்டில், 2012 டிசம்பர் 1-ந் தேதி முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதைப் பார்த்தவுடன் அடுத்து வாங்க வருகிறவர் பின்வாங்குவார். பாங்கியும் கடன் தரத் தயங்கும். "எங்கள் ஒப்பந்தம் பதிவே ஆகவில்லை, அது செல்லாது" என்று சொல்லித் தப்புவதும் கஷ்டம். பதிவாகாத ஒப்பந்தத்தையும், வீட்டை எழுதித் தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

பேசித் தீர்க்கும் வழி

கோர்ட்டுக்குப் போனால் வருடங்கள் ஓடும் என்பது வாங்க வந்தவருக்கும் தெரியும். அவர் பணமும் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே, எவ்வளவு முரண்டு பிடிக்கிற ஆளும் ஒரு தொகைக்கு இறங்கி வர வாய்ப்பு உண்டு. முன்பணம், அதற்கு வட்டி, அவர் செய்த பத்திரச் செலவு, அதற்கு மேல் கொஞ்சம் என்று பேசி முடிக்கிறார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் பேரம். வழக்குச் செலவையும், வீடு விற்க முடியாமல் கிடக்கும் வருடங்களையும் கணக்குப் போட்டால், பல குடும்பங்களுக்கு அந்தக் 'கொஞ்சம்' அதிகமாகத் தோன்றாது.

பேச்சு முடிந்தால் பணத்தைக் கையில் கொடுக்காமல், பாங்கி மூலம் கொடுக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தை ரத்து செய்யும் பத்திரம் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போய் ரத்து எழுதினால் மற்றவர் உரிமை போய்விடாது. ஒப்பந்தம் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்தையும் பதிவு செய்து, அசல் ஒப்பந்தத்தையும், அதனுடன் கொடுத்த தாய்ப்பத்திர நகல்களையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாள் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், ஒப்பந்தத்துக்குக் கீழே ரத்தும் ஏறியிருக்கும்.